எம்.ஜி.ஆர். எங்கும் போகவில்லை

(நம் குடியிருப்பு அரங்கில் நடந்த ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் பொதுக்குழுவுக்கு இரண்டு நாள் முன்பு நம் சங்க அலுவலகக் கம்ப்யூட்டர் கொடுத்த தலைவலி உங்கள் வீட்டிலும் வரலாம். அதனால் சொல்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்று சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். பராமரிப்புக் கட்டணக் கணக்கு முழுவதும் அதில்தான். மற்றொன்று, வேகத்துக்காகச் சென்ற ஆண்டு போட்ட எஸ்.எஸ்.டி. விண்டோஸ் இப்போது அதில் இருக்கிறது. பழைய டிஸ்க்கில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டோம்.

அன்று இரவு கரண்ட் போனது. காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு செய்தி: ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’. பொருளாளர், “என்ன சார், எம்.ஜி.ஆரைக் காணோமாம்!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்க வந்தவர், “டிஸ்க் போச்சு சார், ரெண்டையும் ஃபார்மேட் பண்ணிடலாம்” என்றார். ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த எம்.ஜி.ஆர். ‘மேனேஜர்’ என்பதன் சுருக்கம். வங்கிக் கணக்கில் சொல்கிறேன். மேனேஜர் புதுக் கிளைக்கு மாற்றலாகிவிட்டார். பழைய கிளையில் போர்டு மட்டும் தொங்குகிறது. கம்ப்யூட்டர் பழைய கிளைக்குப் போய் மேனேஜரைக் கேட்கிறது. அவர் இல்லை என்றதும் அங்கேயே நின்றுவிடுகிறது. பெட்டகத்தில் உள்ள பணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

எந்த டிஸ்க்கை முதலில் பார்ப்பது என்ற வரிசைக்கு பூட் ஆர்டர் என்று பெயர். அது பயாஸ் என்ற பகுதியில் இருக்கிறது. ஆன் செய்தவுடன் எஃப்2 விசையைத் தட்டி உள்ளே போனேன். சில கம்ப்யூட்டர்களில் அது டெலீட் விசை, சிலவற்றில் எஃப்10.

உள்ளே மூன்று விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதனால்தான் கரண்ட் போனதும் வரிசை பழையபடி மாறியிருக்கிறது. இரண்டு, இரண்டு டிஸ்க்குகளின் பெயரும் பட்டியலில் இருந்தன. பெயர் இல்லாவிட்டால் கேபிளையும் டிஸ்க்கையும் சந்தேகிக்க வேண்டும். மூன்று, பழைய டிஸ்க் முதலில் நின்றது.

மாற்றப் போனால் முதல் பட்டியலில் ‘ஹார்டு டிஸ்க்’ என்று ஒரே வரிதான். எஸ்.எஸ்.டி.யும் அதற்குள்ளேயே அடக்கம். அவற்றில் எது முதல் என்பதற்குத் தனிப் பக்கம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. எஸ்.எஸ்.டி.யை மேலே கொண்டுவந்து, எஃப்10 அழுத்திச் சேமித்தேன். விண்டோஸ் வந்தது. கணக்கும் அப்படியே இருந்தது. பிறகு பேட்டரியையும் மாற்றிவிட்டோம்.

புதிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க்கின் பெயருக்குப் பதில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று வரும். அதுதான் முதலில் இருக்க வேண்டும். பிட்லாக்கர் பூட்டு போட்டவர்கள், பயாஸில் கை வைக்கும் முன் அதன் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் விண்டோஸ் புதிதாக ஏற்றும்போது மற்ற டிஸ்க்கைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தொடக்கக் கோப்புகள் அதில் போய் உட்கார்ந்துவிடலாம். பிறகு அந்த டிஸ்க் பழுதானால் எஸ்.எஸ்.டி.யும் எழாது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கியில் தினமும் வேலை முடிந்ததும் பேக்கப் எடுக்காமல் வீட்டுக்குப் போனதில்லை. நம் சங்கக் கணக்குக்குப் பதினொரு மாதமாக நான் பேக்கப் எடுக்கவில்லை. அன்று ஃபார்மேட்டுக்குத் தலையாட்டியிருந்தால், பொதுக்குழுவில் உங்கள் முன் என்ன கணக்கைப் படித்திருப்பேன்? இப்போது மாதம் முதல் தேதி தனி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடுகிறேன். அது செயலாளர் வீட்டில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இந்தச் செய்தி வந்தால், ஃபார்மேட் என்று யார் சொன்னாலும் முதலில் பூட் ஆர்டரைப் பாருங்கள். தனியாகப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.