கடைசிப் பெட்டி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ரிட்டயர் ஆகி என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள். "ரயில் பெட்டி செய்யறேன்" என்றேன். சிரித்தார்கள். எல்லாப் பெட்டியும் இல்லை. கூட்ஸ் வண்டியின் கடைசியில் கார்டு உட்கார்ந்து வருவாரே, பிரேக் வேன், அது மட்டும்தான். என் அலமாரியில் இன்றைக்கு 31 இருக்கிறது. இன்ஜின் ஒன்றே ஒன்று. "இது என்ன கணக்கு?" என்று என் வீட்டுக்காரம்மாவே கேட்பாள். அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

நான் பொம்மிடிக்காரன். ஜோலார்பேட்டை - சேலம் பாதையில், மொரப்பூர் தாண்டி வருகிற ஸ்டேஷன். அங்கிருந்துதான் பாசஞ்சர் வண்டி பிடித்து சேலம் வந்து இந்தக் கல்லூரியில் படித்தேன். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி போகும்போது நாங்கள் பிள்ளைகள் இன்ஜினைப் பார்ப்போம். அப்பா பார்ப்பது கடைசிப் பெட்டியை. பகலில் எல்.வி. பலகை, ராத்திரியில் சிவப்பு டெயில் லாம்ப். அது தெரிந்தால்தான் வண்டி முழுசாக வந்ததாக அர்த்தம். நடுவில் கப்ளிங் அறுந்து நாலு வேகன் பின்னால் நின்றுவிட்டால் இன்ஜினைப் பார்த்து என்ன தெரியும்? வண்டி முழுசாக வந்தது என்று முந்தின ஸ்டேஷனுக்குச் சொன்ன பிறகுதான் அடுத்த வண்டிக்கு லைன் கிளியர்.

அப்பா வேறொரு சின்ன ஸ்டேஷனில் வேலை பார்த்த காலத்தில், ஒரு மழை ராத்திரி கூட்ஸ் ஒன்று கடந்து போனது. அவர் கண்ணுக்கு டெயில் லாம்ப் தெரியவில்லை. "மழையில அணைஞ்சிருக்கும்ப்பா, பார்த்தேன்னு சொல்லு" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பின்னால் ஒரு பாசஞ்சர் காத்திருந்தது. அப்பா மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த ஸ்டேஷனில் கூட்ஸை நிறுத்திப் பார்த்தார்கள். வண்டி முழுசாகத்தான் இருந்தது, விளக்குதான் அணைந்திருந்தது. பாசஞ்சர் தாமதம், அப்பாவுக்கு நல்ல திட்டு. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "இருக்கும்னு சொல்றது வேற கண்ணு, இருக்குதுன்னு சொல்றது வேற."

அந்த வார்த்தைதான் என் அலமாரியில் இருக்கிறது.

இனி செய்முறைக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்தப் பெட்டிக்குப் பெயர் கபூஸ். கூரைமேல் சின்னக் கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதில் உட்கார்ந்து வண்டி முழுவதையும் பார்ப்பார்கள். ஹெச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, அந்தப் பொம்மைகள் கிடைக்கும். என் மகன் ஒன்று வாங்கி வந்தான். கூண்டை அறுத்து எடுத்தேன். ஓட்டையை அட்டையால் மூடினேன். இரண்டு பக்கமும் திண்ணையை நீட்டினேன். சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து அதன் இழையில் கைப்பிடி. செங்காவி அடித்தேன். நம்ம ஊர் பிரேக் வேன் ஆகிவிட்டது.

ஒரு சிக்கல். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. கடையில் விற்கும் ஹெச்.ஓ. தண்டவாளமோ 16.5. 100-இல் ஒரு பங்காகச் செய்தால் கிட்டத்தட்டச் சரியாக உட்காரும். ஆகவே அடுத்த பெட்டிகளை நானே அட்டையில் வெட்டினேன். எந்த அட்டை தெரியுமா? நீங்கள் எல்லாம் அனுப்பிய கல்யாணப் பத்திரிகை! அதைப்போல் கெட்டியான அட்டை கடையில் கிடைக்காது. எழுத்து உள்பக்கம் இருக்கும். கூரையைக் கழற்றினால் மாப்பிள்ளை, பெண் பெயர் படிக்கலாம். நம் பேட்ச்சே என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிஜப் பெட்டியில் சுகம் ஒன்றும் இல்லை. நாலு சக்கர வேனில் தூக்கித் தூக்கிப் போடும். விளக்கோ கழிப்பறையோ இல்லாமல் ராத்திரி முழுக்கக் காட்டில் நின்ற கார்டுகள் உண்டு. 2022 ஜனவரியில் கார்டு என்ற பெயர் டிரெயின் மேனேஜர் என்று மாறியது. அமெரிக்காவில் 1980-களிலேயே கபூஸை எடுத்துவிட்டு, கடைசி வேகனில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். நம் ரயில்வேயும் அப்படிப்பட்ட கருவியைச் சோதித்திருக்கிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் போகிற பெட்டியை அளவெடுத்து வையுங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு சின்ன ரயில் வந்தது. 1913-இல் ஓசூர் வரை போனது. 1941-இல் நின்றுவிட்டது. அதன் கடைசிப் பெட்டியைச் செய்ய எனக்குக் கொள்ளை ஆசை. என் கையில் ஓர் அளவும் இல்லை. அதில் ஏறிய கிழவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் இருந்தபோது நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்றும் கேட்காமல் இருந்தேன். நம் பேட்ச்சில் ஒருவன், பெயர் வேண்டாம், நாலு சந்திப்பாக வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "எங்கியாவது நல்லா இருப்பான்டா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம். போன வருஷம் அவன் பத்திரிகையை வெட்ட எடுத்தேன். அப்பா குரல் கேட்டது. "இருக்கும்" வேற, "இருக்குது" வேற. வெட்டுவதற்கு முன்னால் அதிலிருந்த விலாசத்தைத் தேடிப் போனேன். அவன் படுக்கையில் இருக்கிறான். பக்கவாதம், இரண்டு வருஷமாக. எங்கள் யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை போகும்போது அந்தப் பெட்டியைச் செய்து எடுத்துப்போனேன். இடது கையால் வாங்கி, கூரையைக் கழற்றி, தன் பெயரை வாசித்தான். பிறகு குழறிக் குழறி ஒன்றே ஒன்று கேட்டான்: "எல்லாரும் வந்தாங்களா?"

நண்பர்களே, வெளியே மேஜைமேல் நம் பேட்ச் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கிறேன். யாரை நீங்கள் நேரில் பார்த்தீர்களோ, போனில் பேசினீர்களோ, அவர் பெயருக்கு நேரே மட்டும் டிக் போடுங்கள். "நல்லா இருப்பான்" என்று தோன்றினால் போடாதீர்கள். காலியாக இருக்கும் பெயர்களைப் பிரித்துக்கொண்டு தேடுவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் அவன் வீட்டுக்குப் போகிறோம். காரில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது.