காற்றில் கரைந்த விளையாட்டுக்கள்

வானொலியில் ஒரு முறை ஒலித்த சொல் காற்றோடு கலந்துவிடுகின்றது. எவரேனும் அதனை ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தாலன்றி, அது மீண்டும் செவிக்கு எட்டுவதில்லை. இதனை நேயர்கள் நன்கறிவர். ஆயின், வீடியோ விளையாட்டுக்களுட் சிலவும் ஒலிபரப்பின் வழியே வீடுகளை அடைந்தன என்பதும், ஒலித்த சொற்களைப் போலவே அவையும் மறையத் தொடங்கின என்பதும் பலர் அறியாத செய்தியாகும்.

1980 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வீட்டுக் கணினிகளுக்குரிய நிரல்கள் சாதாரண ஒலிநாடாக்களிலே கீச்சொலிகளாகப் பதியப்பட்டு வந்தன. ஒலியாக இருப்பதனை வானொலியிலும் அனுப்பலாமன்றோ? யூகோசிலாவியாவில் 1983 ஆம் ஆண்டிலிருந்து பெல்கிரேட் வானொலி அவ்வாறே செய்தது. சோரன் மொட்லி என்பார் நடத்திய ‘வென்டிலேற்றர் 202’ என்னும் நிகழ்ச்சியில் விளையாட்டு நிரல்களும் பிற நிரல்களும் ஒலிபரப்பாயின. கேட்போர் அவ்வொலியை நாடாவிற் பதிந்து, தத்தம் கணினியில் ஏற்றிக்கொண்டனர். இடையே இரைச்சல் சிறிது புகுந்தாலும் நிரல் இயங்காது போகும். அவர்களோ சலியாது மீண்டும் முயன்றனர்.

யப்பானில் இம்முயற்சி வேறொரு வடிவம் பெற்றது. 1995 ஏப்ரலில் நின்டென்டோ நிறுவனம் தனது ‘சூப்பர் பாமிகொம்’ விளையாட்டுப் பொறியுடன் பொருத்தத்தக்க ‘சாட்டலாவியூ’ என்னும் கருவியை வெளியிட்டது. ‘செயின்ட் கீகா’ என்ற செய்மதி வானொலி நிறுவனம் குறித்த நேரங்களில் விளையாட்டுக்களை ஒலிபரப்பிற்று. வந்தவற்றைச் சேமித்தற்குரிய சிறு நினைவகப் பேழை எட்டு மெகாபிட் அளவே கொள்ளும். ஆகவே, புதியது வந்தபோது பழையது பெரும்பாலும் அழிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இச்சேவை முற்றாக நின்றது.

இவ்விளையாட்டுக்களுட் சிலவற்றிற்கு இன்னுமொரு தனித்தன்மை இருந்தது. ஆட்டம் திரையில் நிகழும்போதே, நடிகரின் குரலும் இசையும் செய்மதி வழியே நேரடியாக வந்து அதனை நடத்திச் சென்றன. 1995 ஆகஸ்டில் வாரம் ஒன்றாக நான்கு பகுதிகளில் வந்த ‘செல்டா’ விளையாட்டு இவ்வகையினது. அக்குரலும் இசையும் பேழையிற் பதியப்படவில்லை. ஒலிபரப்பு முடிந்ததும் அவையும் முடிந்தன.

அவ்வாறாயின், இன்று எஞ்சியிருப்பது எவ்வாறு? ஆடும்போது வீட்டிலிருந்த வீடியோ நாடாக் கருவியை இயக்கிப் பதிந்து வைத்த சிலரே அதற்குக் காரணர். அவர் வரலாற்றாசிரியர் அல்லர். தமக்குப் பிடித்ததை மீண்டும் பார்க்க விரும்பியவர், அவ்வளவே. பின்னர், யப்பானிலும் பிற நாடுகளிலும் ஆர்வலர் தம் சொந்தச் செலவிற் பழைய நினைவகப் பேழைகளை வாங்கி, உள்ளே இருந்தவற்றைப் படித்தெடுத்தனர். வீடியோ நாடாக்களிற் கிடைத்த குரலை அவற்றோடு இணைத்து, அந்தச் ‘செல்டா’ விளையாட்டைக் கணினியில் மீண்டும் ஆடத்தக்கதாக்கினர். எனினும் கிடையாதவை இன்னும் பல. பேழைகளும் நாடாக்களும் ஆண்டுதோறும் பழுதடைகின்றன. பதிந்தவரும் முதுமை எய்துகின்றனர்.

‘வெறும் விளையாட்டுத்தானே, இதனைப் பேணுதற்கு இத்துணை முயற்சி வேண்டுமோ?’ எனச் சிலர் வினவக்கூடும். மக்கள் ஓய்வுப் பொழுதை எவ்வாறு கழித்தனர் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. பெரும்புகழ் பெற்ற விளையாட்டுக்கள் மீண்டும் மீண்டும் விற்பனைக்கு வருதலால் தாமே நிலைபெறும். புகழ்பெறாதவற்றிற்கு அப்பேறில்லை. ஆயினும், புதுமை முதலில் அரும்புவது பல வேளைகளில் அத்தகையவற்றிலேயே ஆகும். கடைக்குச் செல்லாமல் விளையாட்டை வீட்டிலிருந்தே பெறுதல் இன்று அன்றாட வழக்கம். சாட்டலாவியூ 1995 ஆம் ஆண்டிலேயே அதனைச் செய்து பார்த்தது. தோற்ற முயற்சிகளை அழியவிட்டு, வென்றவற்றை மட்டும் காட்டும் வரலாறு அரைகுறை வரலாறேயாகும்.

இழப்பின் அளவும் சிறிதன்று. அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டிற்கு முன் வெளிவந்த விளையாட்டுக்களில் நூற்றுக்கு 87 வீதமானவை கடையில் வாங்கக் கிடையாதவை என 2023 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அவ்வாய்வில் முன்னின்ற வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவகம் 2017 இல் தோன்றியது. 2025 ஜனவரியில் அது பழைய சஞ்சிகைகளையும் ஆக்கியோரின் ஆவணங்களையும் எவரும் இணைய வழியே படிக்குமாறு திறந்து வைத்தது. தோக்கியோவிலும் 2011 இலிருந்து விளையாட்டுப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று பழைய நெகிழ்தட்டுக்களையும் நாடாக்களையும் காத்து வருகின்றது.

ஆயினும் சட்டம் வழியை முற்றாக விட்டபாடில்லை. விற்பனையில் இல்லாத பழைய விளையாட்டுக்களை நூல்நிலையங்கள் தொலைவிலுள்ள ஆராய்ச்சியாளருக்கு இணைய வழியே பயன்படக் கொடுத்தற்கு அமெரிக்காவிற் கோரப்பட்ட விதிவிலக்கு 2024 ஒக்டோபரில் மறுக்கப்பட்டது. ஆக்கியோரின் உரிமை காக்கப்படல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், எவரும் விற்காததும் எவரும் பார்க்க இயலாததுமான ஒரு பொருள் உரிமையாளர்க்கும் பயன் தராது. கற்போர்க்கும் பயன் தராது. இவ்விரு தரத்தாரும் ஒத்துக்கொள்ளும் வழியொன்றைக் காண்பதே இனிச் செய்யத்தக்கது.

அதுவரை காவலர் பொதுமக்களே. வீட்டு மூலையிற் கிடக்கும் பெயரறியாப் பேழையையும் நாடாவையும் குப்பையில் இடுமுன், அதில் யாது உளது என ஒரு முறை நோக்குதல் நன்று. அதன் பெயரையும் ஆண்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உடன் வைத்தல் அதனினும் நன்று. பிற்காலத்து ஆராய்ச்சியாளன் ஒருவன் தேடி வரும்போது, அத்துண்டுக் காகிதமே அவனுக்கு வழிகாட்டும்.