காணாமற்போன குழந்தையும் வாசகர் தீர்ப்பும்

செல்வர் வீட்டுப் பிள்ளை காணாமற் போவது துப்பறியும் நவீனங்களுக்குப் புதிய கரு அன்று. ஆயினும், அமெரிக்க எழுத்தாளர் லிஸ் மோர் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி காட் ஆஃப் தி வூட்ஸ்' என்னும் நாவலைப் படித்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் அந்நூல் நான்கு கை மாறியது; நான்கு பேருக்கும் நான்கு கருத்து.

கதை நிகழும் இடம் நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலைக்காடு. வங்கித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய வான் லார் குடும்பத்தின் மாளிகை குன்றின் மேல் இருக்கிறது. கீழே பிள்ளைகளுக்கான கோடை முகாம். 1975 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, முகாமில் தங்கியிருந்த அவ்வீட்டு மகள், 13 வயது பார்பரா, படுக்கையில் இல்லை. அவள் பிறப்பதற்கு முன்பே, 1961இல், அவளுடைய எட்டு வயது அண்ணனும் இதே காட்டில் மறைந்துபோனவன்.

கதை நகர மறுக்கிறது, 1950களுக்கும் 1975க்கும் மாறி மாறித் தாவுகிறது, பாத்திரங்களோ ஏராளம் என்பது ஒரு சாராரின் குறை. முதல் நூறு பக்கங்களில் நாமும் சலித்துப் போனோம் என்பதை மறைப்பதற்கில்லை. அத்தியாயத் தலைப்பிலே குறித்திருக்கும் ஆண்டைப் பார்த்துக்கொண்டு படித்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். முடிவு நம்பும்படியாக இல்லை என்போரும் உண்டு. தாய் ஆலிஸைக் கோழை என்று கடிந்துகொள்வோர் சிலர். இளவயதில் மணமுடித்துக் கணவன் சொல்லுக்கு அடங்கியே பழகியவள் வேறென்ன செய்வாள் என்று இரங்குவோர் சிலர்.

நம் மனம் நின்ற இடம் வேறு. 1961இல் சிறுவனைக் காணவில்லை என்றதும், பழி அங்கே தோட்டவேலை பார்த்த கார்ல் ஸ்டாடர்டு மேல் விழுகிறது. வழக்கு மன்றம் ஏறுமுன்பே அவர் இறந்துபோகிறார். பிள்ளை கிடைக்கவில்லை, பழி மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. 1975இலும் முகாமில் பணிபுரியும் ஏழைப் பெண் லூயிஸைத்தான் பிடிக்கிறார்கள். தோட்டப்புறத்திலே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். துரை பங்களாவில் ஒரு மோதிரம் காணவில்லை என்றால் முதலில் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பிள்ளை எங்கே என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள், சார். அந்தத் தோட்டக்காரர் பெண்சாதிக்கு யார் பதில் சொல்வது?" என்று எங்கள் சக ஆசிரியை ஒருவர் கேட்டார். மெதுவாக நகர்கிறது என்று குறைசொல்லப்பட்ட பக்கங்களில்தான் அந்த அம்மாளின் கதையும் இருக்கிறது. விரைவாகப் புரட்டுகிறவர்கள் குடும்பத்தார் செய்ததையே தாமும் செய்கிறார்கள். அவளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புலனாய்வுக்கு வரும் இளம்பெண் ஜுடிட்டாவோ அப்படிப் போவதில்லை. அவள் எளிய குடும்பத்திலிருந்து வந்தவள்.

முடிவை இங்கே சொல்வதற்கில்லை. நூலை இப்போது ஐந்தாமவர் ஒருவர் வைத்திருக்கிறார். அவர் இன்னும் 1961ஐத் தாண்டவில்லை. இவ்வுரையைக் கேட்டுக்கொண்டும் இருப்பார்.