தேகக் காவலும் கொரோனா நோயும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



இன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில் ஏழாவதாக ஒரு தீர்மானம் காணப்படுகின்றது. 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நமது சங்கத்தார் அச்சிட்டு வீடுதோறும் வழங்கிய துண்டுப் பிரசுரத்தை மறுபடியும் அச்சிட வேண்டும் என்பதும், அதனோடு எதிர்ப்புச் சக்திப் பொடி 500 பொட்டலங்களைத் தரும நிதியிலிருந்து வாங்கி மழைக்காலத்திற்கு முன் வழங்க வேண்டும் என்பதும் அத்தீர்மானத்தின் சாரம். அதைக் கொண்டுவந்துள்ள அன்பரின் நல்லெண்ணத்தில் எமக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அத்துண்டுப் பிரசுரத்தை எழுதியவர் யாம். அதில் ஒரு வாக்கியம் பிழைபட்டது. அப்பிழையை எழுதிய கையே எடுத்துச் சொல்லுதல் முறையாதலின், எமக்களிக்கப்பட்ட அரைமணி நேரத்தை அதற்கே செலவிட உத்தேசித்துள்ளோம்.

அவ்வாக்கியமாவது: “தேகத்தில் எதிர்ப்புச் சக்தி மிக்கவரை இந்நோய் ஒன்றும் செய்யாது, ஆதலால் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.”

அன்று இதை எழுதுங்கால் எமக்கு இது பழுதற்றதாகவே தோன்றிற்று. ஊரெங்கும் அப்பேச்சே பேச்சாக இருந்தது. 2021-ஆம் வருஷம் மே மாதத்தில் நம்மவருள் ஒரு வாலிபர், வயது 34, தேகப்பயிற்சி தவறாதவர், காய்ச்சல் கண்ட எட்டாம் நாள் வரை தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். பத்தாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினான்காம் நாள் அவர் இல்லை. துக்கம் விசாரிக்கச் சென்ற எம்மிடம் அவருடைய தந்தையார், கணக்குப் புத்தகத்தில் மடித்து வைத்திருந்த நமது துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் காட்டினார். “இதைத்தான் ஐயா, நான் போவோம் என்று கூப்பிட்டபோதெல்லாம் என்னிடம் படித்துக் காட்டினான்” என்றார். அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரில்லை. அதன் பிறகே யாம் இவ்விஷயத்தைக் கற்கத் தொடங்கினோம். வைத்தியம் எமது தொழிலன்று. கற்றறிந்த வைத்தியர்களிடம் கேட்டும், அவர் காட்டிய நூல்களை வாசித்தும் தெளிந்தவற்றையே இங்குக் கூறுகின்றோம்.

எதிர்ப்புச் சக்தி என்பது குடத்தில் ஊற்றிய நீர்போல், கூடக் கூட நன்மை தரும் ஒரே பொருள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். உண்மையில் அது ஓர் ஊர்க்காவலைப் போன்றது. காவலன் உறங்கினாலும் ஊர் கெடும். கள்வன் போன பின்னும் தீவட்டியை வைக்கோற்போர்களுக்கிடையே சுழற்றிக்கொண்டு ஓடினாலும் ஊர் கெடும்.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கின்றது, வீங்குகின்றது, சுடுகின்றது, வலிக்கின்றது. இந்நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி ஆசிரியரான கெல்ஸஸ் என்பார் எழுதி வைத்திருக்கின்றார். இதனை முற்காலத்து வைத்தியப் புத்தகங்கள் தாபிதம் என்றன. இக்காலத்தார் அழற்சி என்பர். இது நோயின் வேலையா, தேகத்தின் வேலையா என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 1882-ஆம் வருஷத்தில் மெச்னிகாப் என்னும் ருஷிய அறிஞர், ஸிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகரத்தில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முட்களைச் செலுத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தபோது, அக்குஞ்சுகளின் உடலிலிருந்த நகரும் அணுக்கள் திரண்டு வந்து முட்களைச் சூழ்ந்து நின்றன. அழற்சியாவது தேகம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சி என்று அவர் துணிந்தார். 1908-ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்கும் பால் எர்லிக் என்பாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நமது இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் அவ்வண்ணமே செய்கின்றன.

முள்ளை அணுக்கள் சூழலாம். உயிரணுவின் உள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும் நுண்ணிய வைரஸை எங்ஙனம் சூழ்வது? அதற்கும் தேகம் ஒரு வழி வைத்திருக்கின்றது. 1957-ஆம் வருஷத்தில் லண்டனில் ஐஸக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர், வைரஸ் தீண்டிய உயிரணுக்கள் ஒருவகைப் பொருளை வெளிவிடுகின்றன என்றும், அது பட்ட மற்ற உயிரணுக்கள் வைரஸுக்கு இடங்கொடாமல் தாழிட்டுக்கொள்கின்றன என்றும் கண்டு, அப்பொருளுக்கு இண்டர்பெரான் என்று பெயரிட்டனர். திருடன் புகுந்த வீட்டார் தாம் அழிந்துபோகும் தறுவாயிலும் அண்டை வீட்டாரைக் கூவி எழுப்புவதற்கு இது நிகராகும்.

இனிக் கொரோனாவுக்கு வருவோம். கொரோனா என்றால் கிரீடம். பூதக்கண்ணாடியிலும் மிக்க ஆற்றலுள்ள எலெக்ட்ரான் கருவியில் பார்க்குங்கால் சுற்றிலும் முடி தரித்தாற்போல் தோன்றுவதால் 1968-ஆம் வருஷத்தில் இவ்வின வைரஸ்களுக்கு அப்பெயர் இடப்பட்டது. 2019-ஆம் வருஷக் கடைசியில் சீன தேசத்து வூஹான் நகரத்தில் வெளிப்பட்ட இப்புதிய வைரஸ், தன் கிரீடத்து முட்களால், நமது மூக்கிலும் நுரையீரலிலும் உள்ள உயிரணுக்களின்மேல் ஏஸ்-2 என்னும் கொளுவியைப் பற்றிக்கொண்டு உட்புகுகின்றது. இதன் வஞ்சகம் யாதெனின், முற்கூறிய இண்டர்பெரான் கூக்குரலை அடக்கும் கருவிகள் சிலவற்றைத் தன்னுடனே கொண்டுவருவதாம். ஆகவே முதற் சில நாட்கள் அது ஓசைப்படாமல் பெருகுகின்றது. பெரும்பாலோர் தேகத்தில் காவல் காலத்தில் விழித்துக்கொள்ள, அவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிடுகின்றனர்.

சிலரிடத்தில் கூக்குரல் காலந்தாழ்ந்து எழுகின்றது. 2020-ஆம் வருஷத்திலேயே ஒரு வியப்பான காரணமும் வெளியாயிற்று. உயிருக்கு மன்றாடிய 987 நோயாளிகளைச் சோதித்ததில் 101 பேருடைய இரத்தத்தில், தம் சொந்த இண்டர்பெரானையே பிடித்துக் கட்டும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அவருள் பெரும்பான்மையோர் ஆண்கள். எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குக என்று யாம் எழுதினோமே, இவர்களிடத்தில் எந்த எதிர்ப்பைப் பெருக்குவது?

காலந்தாழ்ந்து விழித்த காவல் நிதானமிழந்து வருகின்றது. சைட்டோகைன் எனப்படும் தூதுப்பொருள்கள் இரத்தமெங்கும் பாய்ந்து மேன்மேலும் வெள்ளையணுக்களை அழைக்கின்றன. காற்றும் இரத்தமும் சந்திக்கும் இடம் நுரையீரலின் நுண்ணறைகளாம். அவற்றின் மெல்லிய சுவர்கள் அழற்சியால் கசிந்து, காற்றிருக்கவேண்டிய இடத்தில் நீர் தேங்குகின்றது. நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறைகின்றது. பிராணவாயு குறைகின்றது. இது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் நேர்வது. கொடுமை என்னவெனில், பிராணவாயு அபாயமாகக் குறைந்த பின்னும் சிலருக்கு மூச்சுத் திணறல் தெரிவதில்லை; உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பர். நாம் இழந்த வாலிபரும் ஒன்பதாம் நாள் மாலை தோசை சாப்பிட்டார் என்று அவருடைய தாயார் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

இதனைச் சைட்டோகைன் புயல் என்று பத்திரிகைகள் எழுதின. புயல் என்ற சொல் மிகை, வேறு சில கொடிய நோய்களில் அத்தூதுப்பொருள்கள் இதனினும் அதிகம் என்று மறுப்பவரும் வைத்திய அறிஞருள் உளர். பெயர் எதுவாயினும், இறந்தோர் பலரைக் கொன்றதில் வைரஸுக்கு எவ்வளவு பங்கோ, அதை விரட்ட வந்த காவலுக்கும் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. அதற்குச் சான்று மருந்திலிருந்தே கிடைத்தது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் நடத்திய ரெகவரி என்னும் பெரிய பரீக்ஷையின் முடிவு 2020-ஆம் வருஷம் ஜூன் 16-ஆம் தேதி வெளியாயிற்று. நமது துண்டுப் பிரசுரம் அச்சேறிய அதே மாதம்! டெக்ஸாமெதசோன் என்பது மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்து. அது வைரஸைக் கொல்வதன்று. தேகத்தின் எதிர்ப்பையே அடக்குவது. அதனை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை 2,104 பேருக்குக் கொடுத்து, கொடாத 4,321 பேரோடு ஒப்பிட்டனர். இயந்திரத்தால் சுவாசித்தவருள் 28 நாட்களில் இறந்தவர், மருந்து பெறாதவரில் 100-க்கு 41.4, பெற்றவரில் 29.3. பிராணவாயு மட்டும் பெற்றுவந்தவருள் 26.2-ஆக இருந்தது 23.3-ஆகக் குறைந்தது. ஆனால் பிராணவாயுவே வேண்டாதிருந்தவருள், மருந்து பெறாதவரில் 14.0, பெற்றவரில் 17.8! அதாவது இக்கூட்டத்தாருக்கு அம்மருந்தால் நன்மை காணப்படவில்லை. தீங்கு இருக்கலாம் என்ற அச்சமே மிஞ்சிற்று.

அன்பர்காள்! இவ்வெண்களைச் சற்று நிதானித்து நோக்குக. எதிர்ப்பை அடக்கியதனால் உயிர் பிழைத்தவர் உளர். அதே எதிர்ப்பை, அது வைரஸோடு போராட வேண்டிய முதல் வாரத்தில் அடக்கினால் பயனில்லை. ஒரே மருந்து, ஒரே நோய், நாள்தான் வேறு. இந்நாள் வேறுபாட்டை அறியாததனால் 2021-ஆம் வருஷத்தில் நம்மவர் பட்ட பாடு கொஞ்சமன்று. யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டு கைபேசியில் வீடு வீடாகப் பறந்தது. சர்க்கரை வியாதியுள்ள நம்மவர் ஒருவர், காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே அச்சீட்டைக் காட்டிக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரைகளை வாங்கி மூன்று வாரம் விழுங்கினார். சர்க்கரை ஏறிற்று, கறுப்புப் பூஞ்சை நோய் மூக்கில் தொடங்கிக் கண்ணுக்குப் பரவிற்று. ஒரு கண்ணைக் கொடுத்து உயிரை மீட்டுக்கொண்டார். அவ்வருஷம் ஜூலை மாதத்திற்குள் இந்தியாவில் அந்நோய் கண்டவராகக் கணக்கில் வந்தவர் மட்டும் 45,000-க்கு மேற்பட்டோர். சர்க்கரை வியாதியும் முறையற்ற ஸ்டீராய்டும் அதற்குப் பெருங்காரணங்கள் என்று வைத்தியர் கூறினர்.

காவலை அடக்கும் ஏற்பாடு தேகத்திலேயே உண்டோ எனின், உண்டு. வெள்ளையணுக்களுள் ஒரு சாரார் மற்றையோரைக் கட்டுப்படுத்தும் மேற்பார்வையாளராக உள்ளனர். இதனை நிலைநாட்டிய ஜப்பானியரான ஸகாகுச்சிக்கும், அமெரிக்கரான பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் 2025-ஆம் வருஷத்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. இம்மேற்பார்வையாளர் இல்லையேல் தேகம் தன் உறுப்புகளையே தாக்கி அழிக்கும். ஆகவே எதிர்ப்பைப் பெருக்குகின்றோம் என்று விளம்பரம் செய்யும் வியாபாரியைக் காணுங்கால், எதைப் பெருக்குகின்றீர், காவலனையா, மேற்பார்வையாளனையா, எந்த நாளில் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, பொட்டலத்தின் விலைதான் வரும்.

மஞ்சளோடும் மிளகோடும் எமக்குப் பகையில்லை. ரசமில்லாத சோற்றை யாமும் விரும்போம். அவை அடுக்களையில் இருக்கட்டும். தரும நிதியில் கைவைக்க வேண்டா என்பதே எமது வேண்டுகோள்.

காவலுக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுத்து, பகைவனின் அடையாளத்தைக் காட்டி வைக்கும் வழி ஒன்றுண்டு. அது தடுப்பூசி. 2021-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி நம் நாட்டில் அது தொடங்கிற்று. கூச்சலைப் பெருக்காமல் குறியை மட்டும் கூர்மையாக்குவது அதன் சிறப்பு. ஊசி போட்டவருக்கும் நோய் வந்ததே என்பர், வந்தது, மெய்யே. இரண்டாம் வாரத்துப் பேராபத்து அவர்களிடம் மிகக் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2023-ஆம் வருஷம் மே மாதம் 5-ஆம் தேதி அவசர நிலையை நீக்கினர். வைரஸ் நீங்கினதாகச் சொல்லவில்லை. அது இன்னும் நம்மிடை உலாவுகின்றது. பெரும்பாலோர் முன்னமே நோயாலும் ஊசியாலும் பழக்கம் பெற்றிருத்தலின் இப்போது அதன் வேகம் தணிந்துள்ளது. முதியோருக்கும், சர்க்கரை, சிறுநீரகம், இருதயம் இவற்றில் குறையுள்ளோருக்கும் அது சாதாரண ஜலதோஷமன்று.

ஆதலின் யாம் கொண்டுவரும் திருத்தம் இது. பழைய துண்டுப் பிரசுரத்தை மறுபடியும் அச்சிடலாகாது. அதன் பிழையை நமது மாதப் பத்திரிகையின் அடுத்த இதழில், எழுதியவர் பெயரோடு வெளியிடுதல் வேண்டும். பொடிக்கென்று குறித்த தொகையில், விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கருவிகளை வாங்கி, தெருவுக்கு ஒருவர் பொறுப்பில் வைத்தல் வேண்டும். நகச்சாயமும் குளிர்ந்த விரலும் அக்கருவியை ஏமாற்றும். கருமை மிக்க தோலில் அது உள்ளதினும் சிறிது கூட்டிக் காட்டுவதுமுண்டு. ஆகவே ஒருமுறை காட்டிய எண்ணோடு திருப்தியடையாமல், காய்ச்சல் கண்ட நாளைச் சுவரில் குறித்துக்கொண்டு, ஐந்தாம் நாள் முதல் காலையும் மாலையும் அளத்தல் வேண்டும். அறைக்குள் ஆறு நிமிஷம் நடந்து மறுபடியும் அளக்க வேண்டும். 94-க்குக் கீழே இறங்கினாலும், எண் நன்றாயிருந்தும் மூச்சு வாங்கினாலும், அன்றிரவே வைத்தியரிடம் செல்ல வேண்டும். விடியட்டும் என்று இருத்தலாகாது.

அவ்வாலிபருடைய தந்தையார் இச்சபையில் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். தெற்குத் தெருவின் கருவியைத் தம் கடையில் வைத்துக்கொள்ளவும், எந்நேரத்தில் கதவைத் தட்டினாலும் எடுத்துக் கொடுக்கவும் அவர் ஒப்புக்கொண்டிருக்கின்றார். மற்ற மூன்று தெருக்களுக்கும் பெயர் கொடுப்போர் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் தெரிவிக்கலாம்.