சென்சாரா, கியர் பாக்ஸா?



2006 டிசம்பர், 2007 ஜனவரி, 2011 ஜனவரி, 2023 மார்ச். சிகாமட்வாசிகளுக்கு இந்த மாதங்களை விளக்க வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவுகிறோம், காரையும் கழுவிக் காய வைக்கிறோம். ஆனால் காருக்கு அடியில், கியர் பாக்ஸின் ஒயர் இணைப்புக்குள் புகுந்த சேற்று நீர் அங்கேயே தங்கிவிடலாம். சில மாதங்கள் கழித்துக்கூட அது தன் வேலையைக் காட்டும்.

ஆட்டோ கார் கியர் மாறும்போது உதைக்கும். எச்சரிக்கை விளக்கு எரியும். எவ்வளவு மிதித்தாலும் ஒரே கியரில் முனகிக்கொண்டு போகும். பட்டறையில் ஸ்கேன் கருவியை மாட்டினால் பி0840 முதல் பி0844 வரை ஏதாவது ஓர் எண் வரும். உடனே, "கியர் பாக்ஸ் போய்விட்டது" என்ற பேச்சு தொடங்கிவிடும். அது பல ஆயிரம் வெள்ளிச் செலவு.

ஆனால் அந்த எண் அப்படிச் சொல்லவில்லை. ஆட்டோ கியர் பாக்ஸில் கிளட்சுகளை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். அதைக் கணினிக்குத் தெரிவிப்பது சென்சார். அந்தத் தகவல் சரியில்லை என்பதுதான் எண்ணின் பொருள். தகவலை நம்ப முடியாதபோது, பாதுகாப்புக்காகக் கணினி ஒரே கியரில் நின்றுவிடும். காரணம் ஒயராக இருக்கலாம், சென்சாராக இருக்கலாம், உண்மையிலேயே அழுத்தம் குறைந்தும் இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எண்ணெயைப் பாருங்கள். அளவு குறைந்தாலே அழுத்தம் குறையும். கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தேய்ந்திருக்கக்கூடும். சிரப் பண்டோங் போல வெளுத்த இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்தக் காரை ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சென்சார் இணைப்பைக் கழற்றி, ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல கார்களில் சென்சாருக்கு 5 வோல்ட் மின்சாரம் வர வேண்டும். மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். பல கியர் பாக்ஸ்களில் அழுத்தம் பார்ப்பதற்கென்றே மரை போட்டு மூடிய துளை உண்டு. அதில் கேஜை மாட்டி, தயாரிப்பாளர் கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். கேஜில் அழுத்தம் சரியாக இருந்து, ஸ்கேன் கருவி மட்டும் தவறாகக் காட்டினால், குற்றவாளி பெரும்பாலும் சென்சாரோ ஒயரோதான். இரண்டிலும் குறைவு என்றால், பம்ப், வடிகட்டி, வால்வு பகுதியைப் பார்க்க வேண்டும். அப்போது சென்சாரை மாற்றுவதும் வீண் செலவே.

எண்ணை அழித்து விளக்கை அணைப்பது பழுது பார்ப்பதல்ல. கோளாறு இருக்கும்வரை அது திரும்பி வரும். நெடுஞ்சாலையில் லோரிக்கு முன்னால் கார் திடீரென வேகம் இழந்தால், ஆபத்து பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும்தான்.

ஆகவே, கியர் பாக்ஸை மாற்றச் சம்மதிக்கும் முன், மெக்கானிக்கிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கேஜ் எவ்வளவு காட்டியது?" வேலை தெரிந்தவர் கோபப்பட மாட்டார். பதில் வராவிட்டால், வேறொரு பட்டறையில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.