இரத்தம் ஊறலையா, உடையுதா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இரத்த சோகை பற்றி நாம பேசாத கூட்டம் இல்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதை மறுபடியும் சொல்ல நாங்கள் வரவில்லை. மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டும் ரத்தம் ஏறலைன்னு சிலர் சொல்றாங்களே, அவங்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நம்ம குழுக் கணக்கையே எடுத்துக்குங்க. பாஸ் புத்தகத்துல இருப்பு குறைஞ்சிருந்தா, சேமிப்பு கட்டாம இருந்திருக்கலாம். இல்லேன்னா கட்டின பணம் வேகமா வெளியே போயிருக்கலாம். இருப்பை மட்டும் பார்த்து எதுன்னு சொல்ல முடியுமா? ஹீமோகுளோபின் அளவும் அப்படித்தான். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம், கர்ப்பிணிக்கு 11 கிராம். அதுக்குக் கீழே போனா சோகை. ஏன் குறைஞ்சதுன்னு அந்த எண் சொல்லாது.

நம் சிவப்பணு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சுமார் 120 நாள். சிலருக்கு அது பாதி வயசுலயே உடைஞ்சு போகுது. எலும்பு மஜ்ஜை எவ்வளவு வேகமா புதுசு செய்தாலும் ஈடுகட்ட முடியறதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனைகள் இருக்கு. மஜ்ஜையிலிருந்து புதுசா வந்த இளம் சிவப்பணுவுக்கு ரெட்டிகுலோசைட்னு பேர். இரும்புச்சத்து இல்லாதவங்களுக்கு இது ஏறாது. அணு உடையறவங்களுக்குப் பெரும்பாலும் ஏறியிருக்கும். உடைஞ்ச அணுவிலிருந்து எல்.டி.ஹெச். வெளியே கொட்டும், அதுவும் ஏறும். சிந்துகிற ஹீமோகுளோபினைப் பிடிச்சு வைக்கிற ஹாப்டோகுளோபின் செலவாகிக் குறையும். மறைமுக பிலிரூபின் கூடும், அதனால் கண் மஞ்சளாகும். இந்தப் பேரெல்லாம் டாக்டருக்கு. நீங்க கேட்க வேண்டியது ஒண்ணுதான்: "மாத்திரை சாப்பிட்டும் ஏறலை, கண்ணும் மஞ்சளா இருக்கு, அணு உடையுதான்னு பார்க்கணுமா?"

கண் மஞ்சள்னாலே நம்ம ஊர்ல காமாலைதான். கீழாநெல்லி அரைச்சுக் கொடுப்பாங்க, மந்திரிப்பாங்க, பத்தியம் வைப்பாங்க. முகம் வெளுத்து, கண்ணும் மஞ்சளா, சிறுநீர் கறுப்புக் காப்பி மாதிரி போற பிள்ளையை ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அங்கே நாட்டு மருந்துக்காகக் காத்திருப்பது ஆபத்து என்பதுதான் எங்கள் கருத்து.

உடையறதுக்குக் காரணம் பல. மலேரியாவில் உடையும். சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் அணுவைத் தாக்கும். அதற்குக் கூம்ப்ஸ் பரிசோதனை. பரம்பரையாக வருவதும் உண்டு. அரிவாள் செல் நோய் தென்னிந்தியாவில் இருப்பது 1952-லேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. அதுவும் தலசீமியாவும் தாய், தகப்பன் ரெண்டு பேரும் நோய் தெரியாமல் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வரும். மாமன் மகன், அக்கா மகள்னு சொந்தத்துக்குள்ளேயே முடிக்கிற நாம இதைக் கேட்டுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனையில் சுமப்பவரா என்று தெரிஞ்சுடும்.

பாச்சை உருண்டையைச் சொன்னா சிரிப்பீங்க. பெட்டியில் துணிக்கு நடுவே போடுறோமே, அதேதான்! ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, நாப்தலீன் உருண்டை வைத்த துணியைப் போர்த்தினாலே அணு உடையலாம். இந்தக் குறை ஆண் குழந்தைக்குத்தான் அதிகம். யாருக்கு இருக்குன்னு முகத்தைப் பார்த்துத் தெரியாது. ஆகவே பச்சைக் குழந்தை துணியோடு அந்த உருண்டை வேண்டவே வேண்டாம். மலேரியாவுக்குத் தருகிற பிரைமாகுயின் மாத்திரையும் இவங்களுக்கு ஆகாது. அதனால மாத்திரையை அக்கம்பக்கத்தில் கைமாற்றாதீங்க.

கடைசியா கர்ப்பிணிகளுக்கு. தாய் ரத்தம் நெகட்டிவ், வயித்துல பிள்ளை பாசிட்டிவ்னா, முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிச்சுடும். அடுத்த பிள்ளையின் அணுக்களைத் தாயின் உடம்பே உடைக்கும். பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். கர்ப்பத்தில் 28-வது வாரம் வாக்கிலும் போடுவார்கள். கரு கலைந்தாலும் இந்த ஊசி பற்றிக் கேட்கணும். "சும்மா கலைஞ்சதுதானே"ன்னு விட்டுடறாங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு உங்க குழுக் கர்ப்பிணிகளைத் தாய் சேய் நல அட்டையோடு வரச் சொல்லுங்க. ரத்த வகை எழுதாமல் விட்டிருந்தால், அந்த வாரமே சுகாதார நிலையத்துக்கு ஊக்குநரும் கூடப் போகட்டும்.