தங்க ஃபண்டு லாபம்: வரி யார் கணக்கில்?

(திருவொற்றியூர் உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)



நகைச் சீட்டு கட்டுற மாதிரி தங்க ஃபண்டுலயும் மாசம் ஐநூறு, ஆயிரம் போடலாமா, வரி பிடிப்பாங்களான்னு நம்ம குழுக்களில் கேட்கிறாங்க. அதைப் பத்திப் பேசுவோம்.

தங்கம் நமக்குப் புதுசு இல்லை. பீரோவில் இருக்கும், இல்லாட்டி அடகுக் கடையில் இருக்கும். ஃபண்டு என்றால் அதே தங்கம் கணக்கில் இருக்கும், அவ்வளவுதான். இந்தியாவில் முதல் தங்க இ.டி.எஃப். 2007-ல் வந்தது, வெள்ளிக்கு 2022-ல். இரண்டுக்கும் வரி ஒன்றுதான்.

வைத்திருக்கும்வரை வரி கிடையாது. விற்று வரும் லாபத்துக்குத்தான். டீமேட் கணக்கு வழியாகப் பங்குச் சந்தையில் வாங்கும் இ.டி.எஃப். என்றால் 12 மாதம், டீமேட் இல்லாத தங்க ஃபண்டு என்றால் 24 மாதம் தாண்டணும். வீட்டு நகைக்கும் அதே 24தான். தாண்டி விற்றால் லாபத்தில் 12.5 சதவீத வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ். முன்னாடியே விற்றால் லாபம் அந்த வருஷத்து மற்ற வருமானத்தோடு சேர்ந்துவிடும். மாதத் தவணை கட்டுகிறவங்க கவனிங்க: ஒவ்வொரு தவணைக்கும் மாதத்தைத் தனித்தனியா எண்ணணும்.

2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதை எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் குறுகிய கால லாபம்தான் என்று ஒரு விதி இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் விற்கும் தங்க ஃபண்டுக்கு அது பொருந்தாது. யாராவது அந்தப் பழைய கணக்கைச் சொன்னால் நம்பாதீங்க.

இப்போ முக்கியமான விஷயம். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு சகோதரிக்கு வருஷ வருமானம் ஒன்றரை லட்சம் என்று வைப்போம். தன் காசில் போட்டு, 24 மாதம் தாண்டி விற்றதில் 60,000 ரூபாய் லாபம். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. அவர் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை.

அதே ஃபண்டை, துறைமுகத்தில் வருஷம் 8 லட்சம் சம்பளம் வாங்கும் கணவர் கொடுத்த பணத்தில் மனைவி பேரில் வாங்கியிருந்தால்? சட்டப்படி லாபம் கணவர் கணக்கில் ஏறும். 12 லட்சம் வரை வரி இல்லைன்னு சொல்றாங்களே என்பீங்க. அந்தத் தள்ளுபடி சம்பளத்துக்குக் கிடைக்கும், இந்த நீண்ட கால லாபத்துக்குக் கிடைக்காது. 7,500 ரூபாயும் செஸ் 300 ரூபாயும் கட்டணும். இதே ஆள் சீக்கிரமே விற்றிருந்தால் தள்ளுபடி கிடைத்திருக்கும் என்பது விநோதம்தான்!

அதனால நம்ம சம்பாத்தியம் நம்ம வங்கிக் கணக்கிலிருந்தே போகட்டும். வீட்டுக்காரர் கொடுத்ததை அதோடு கலக்க வேண்டாம். மீன் விற்ற காசும் தையல் கூலியும் கையில் வந்ததும் பாஸ்புக்கில் ஏறணும். கேட்டால் காட்ட அதுதான் நமக்குச் சாட்சி.

ஏற்கெனவே ஃபண்டு வைத்திருப்பவங்க ஸ்டேட்மென்ட்டோடு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. தவணைத் தேதிகளைச் சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம்.